போன வருஷத்துக் கால்

எங்கள் மலையேற்றச் சங்கத்தில் அவருக்கு எல்.கே.ஜி. என்று பெயர். வைத்தவன் நான்தான். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் ஒரு பல்சக்கரத் தொழிற்சாலை. தொண்ணூறுகளின் நடுவில் அவர் அங்கே அச்சும் கருவியும் கடையும் டூல் ரூமில் இருந்தார், நான் அசெம்பிளி இன்ஸ்பெக்ஷனில். குடியிருப்பும் ஒரே சொசைட்டி, நான்காவது மாடியில் எதிரெதிர் கதவு. அவர் திருநெல்வேலிப் பக்கம், நான் பொள்ளாச்சி. எனக்கு யாரையும் 'வாங்க, போங்க' என்றுதான் வரும். அவர் என்னை 'வே' என்பார், 'நீரு' என்பார். எங்கள் இரண்டு பேர் தமிழையும் கேட்டுவிட்டு, இது ஒரே பாஷைதானா என்று மராத்திக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்.

தொழிற்சாலைக்காரர்களே நடத்திய அந்தச் சங்கத்தின் செயலாளர் ஒரு மராத்தியர், வயதில் மூத்தவர். எல்லோருக்கும் அவர் காகா, நம் ஊர்ச் சித்தப்பா மாதிரி. எங்கிருந்தோ ஆறு ஜோடி பழைய பனிச்சறுக்குப் பலகைகளையும் பூட்ஸ்களையும் மலிவாகப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். வாங்கியாயிற்று, சும்மா போட்டு வைக்க முடியுமா? அதனால் ஆறு பேர் லீவு சேர்த்து வைத்து ஜனவரியில் வடக்கே இமயமலையில் இருக்கும் அவுலிக்குக் கிளம்ப ஆரம்பித்தோம். பொள்ளாச்சிக்காரனும் திருநெல்வேலிக்காரரும் பனியில் சறுக்கப் போன கதை இவ்வளவுதான்.

முதல் வருடம் எல்லோரும் விழுந்தோம், அது கணக்கில் சேராது. இரண்டாம் வருடம் போனபோது ஆளாளுக்குத் தெரிந்தவன் என்கிற நினைப்பு. நேராக மேலே ஏறப் பார்த்தோம். இவர் மட்டும் குழந்தைகள் சறுக்கும் சரிவிலேயே நின்றுவிட்டார். ஒற்றைக் காலில் பலகையை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார். பிறகு வேண்டுமென்றே விழுந்தார். இடது பக்கம், வலது பக்கம், மல்லாக்க. எழுந்து பனியைத் தட்டிவிட்டு மறுபடியும் விழுந்தார். பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் கை தட்டினார்கள். இவரும் அவர்களுக்குக் கும்பிடு போட்டார்.

"ஏனுங்க, போன வருஷம் கத்துக்கிட்டதெல்லாம் எங்கீங்க போச்சு?" என்று கேட்டேன்.

"போன வருஷத்துக் காலு போன வருஷமே போயாச்சு வே. இது புதுக் காலு. இதுக்கு ஆனா ஆவன்னாவுலேருந்து சொல்லிக் குடுக்கணும். நீரு மேல போம், நான் இங்கன கெடந்து உருண்டுட்டு நாளைக்கு வாரேன்."

அன்றைக்கு வைத்த பெயர்தான் எல்.கே.ஜி. காகா வரைக்கும் பரவிவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எல்.கே.ஜி. படிக்காம யாருவே எம்.ஏ. படிச்சான்?" என்று கேட்டதோடு சரி.

பனிக்குப் போகும் முன்பே, புனேயிலேயே இந்தக் கூத்து தொடங்கிவிடும். தீபாவளி முடிந்த மறுநாள் காலையிலிருந்து எங்கள் சொசைட்டிப் படிகளில் அவர் பின்பக்கமாக இறங்குவார். நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. பால் வாங்கிக்கொண்டு ஏறி வரும் பெண்கள் அவர் முதுகைப் பார்த்தே 'குட் மார்னிங்' சொல்லப் பழகிவிட்டார்கள். அப்புறம் கீழே பார்க்கிங் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து பேப்பர் படிப்பார். தொடை நடுங்கும். தலையங்கம் முடியாமல் எழ மாட்டார். புதிதாகக் குடி வந்த ஒரு பஞ்சாபி அம்மாள் பாவப்பட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

"எங்க வீட்டுல மூணு நாக்காலி கெடக்கு அண்ணாச்சி. அவுகளுக்குச் சொவருதான் சொகம்" என்று அவர் மனைவி சிரிப்பார். நல்ல சிரிப்பு. அந்தக் காலத்தில் அடிக்கடி கேட்கும்.

வேலையிலும் ஆள் இப்படித்தான். ஊருக்குப் போய் பத்து நாள் லீவு முடிந்து வந்தால், முதல் ஒரு மணி நேரம் மெஷினைக் கழிவு இரும்பில்தான் ஓட்டுவார். சூப்பர்வைசர் கத்துவார். இவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அவர் கையில் ஒரு பீஸ் கழிந்ததாக எனக்குத் தெரிந்து இல்லை, நான் இன்ஸ்பெக்ஷன்காரன், எனக்குத் தெரியாமல் கழியவும் முடியாது. ஒரு தடவை அளந்தால் போதும் அவருக்கு. மைக்ரோமீட்டரை உறையில் போட்டுவிட்டால் மறுபடி எடுக்க மாட்டார். மழைக்காலம் முழுக்க மூடி வைத்த ஸ்கூட்டரை வெளியே எடுத்தால், முதல் நாள் சொசைட்டிக்குள்ளேயே நான்கு சுற்று சுற்றிவிட்டு உள்ளே நிறுத்திவிடுவார். ஆனால் பயந்த சுபாவம் என்று நினைத்துவிடக் கூடாது. நான்காம் நாள் அவுலியில் உச்சியிலிருந்து அவர் இறங்குவதைப் பார்க்க வேண்டும். நாங்கள் ஐந்து பேரும் கத்திக்கொண்டும் கையை வீசிக்கொண்டும் வருவோம். அவர் சத்தமே இல்லாமல் எங்களைத் தாண்டிப் போவார். வயிறு எரியும், பொய் சொல்வானேன்.

இனி அந்தத் திருகாணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்கும் கவ்வி ஒன்று உண்டு. பைண்டிங் என்பார்கள். கால் முறுக்கிக்கொண்டு விழுந்தால் அது பூட்ஸை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் பலகை ஒரு பக்கம் இழுக்கும், கால் ஒரு பக்கம் போகும், எலும்பு போய்விடும். எவ்வளவு அழுத்தத்தில் விட வேண்டும் என்பதை ஒரு திருகாணியைத் திருகி வைக்க வேண்டும். சின்னக் கண்ணாடி ஜன்னலில் எண் தெரியும். குறைந்த எண் என்றால் சுலபமாகக் கழன்றுவிடும். நன்றாகப் பழகியபின், வேகத்தில் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க, கூட்டி வைப்போம். அவருக்குக் கடைசி நாள் எண் ஆறு. முதல் நாள் மூன்று. முதல் நாளுக்கு முந்தின சாயங்காலம் லாட்ஜ் வராந்தாவில் உட்கார்ந்து ஆறிலிருந்து மூன்றுக்குத் தளர்த்துவார். ஒவ்வொரு நாளும் ஒரு எண் கூட்டுவார்.

இரண்டாம் வருடம் என்னிடமும் கேட்டுவிட்டு என்னுடையதைத் தளர்த்தி வைத்தார். மறுநாள் காலை நான் மேலேயிருந்து மூன்றாவது திருப்பத்தில் குப்புற விழுந்தேன். பூட்ஸ் கவ்வியிலிருந்து கழன்று வந்துவிட்டது. சட்டைக்குள் பனி போனதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. ஆகவே, தளர்த்துவதன் அருமை எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பழக்கம். ஒரு போல்ட்டைச் சரியான முறுக்கத்துக்கு இறுக்கியபின், போல்ட்டின் தலையிலும் உடம்பிலுமாகச் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்போம். அப்புறம் எப்போது பார்த்தாலும் கோடு நேராகச் சேர்ந்திருந்தால் சரி. விலகியிருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள், பழைய இடத்துக்குக் கொண்டுவா. நாளெல்லாம் நான் பார்த்த வேலை இதுதான். மூன்றாம் வருடக் கடைசி நாளில் என் புத்தி சும்மா இருக்குமா? ஆறு ஜோடிப் பலகைகளிலும் அவரவர் கடைசி எண்ணுக்கு நேராக மஞ்சள் கோடு போட்டுவிட்டேன். அடுத்த வருடம் வந்ததும் நேரே அங்கே வைத்துவிடலாம், நேரம் மிச்சம்.

அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "திருகாணிக்குக் கோடு போட்டுட்டீரு. காலுக்கு எங்கன போடுவீரு?"

நான்காம் வருடம் பெரிய ஆர்டர் ஒன்று வந்து லீவைக் குறைத்துவிட்டார்கள். பனியில் நான்கே நாள். முதல் நாள் வெயில் பளிச்சென்று இருக்கும், மறுநாளிலிருந்து வானம் மூடிக்கொள்ளும் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். ஆறு பேரும் வரிசையாக இறங்குவதை அன்றைக்கே படம் எடுத்துவிட வேண்டும், தொழிற்சாலைப் பத்திரிகைக்கு வேண்டும் என்று காகா ஒற்றைக் காலில் நின்றார். முந்தின நாள் ஜீப்பில் மலையேறும்போது, "அரே, தேரா எல்.கே.ஜி. கப் பாஸ் ஹோகா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். உன் எல்.கே.ஜி. எப்போது பாஸ் ஆவான் என்று. 'உன்' என்றதுதான் எனக்குச் சுருக்கென்று குத்தியது. இரண்டு மதராஸிகளில் ஒருவன் பயந்தாங்கொள்ளி என்றால் மற்றவனும் அப்படித்தான் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு ஜீப்புக்குள் ஓடியது. நானும் சேர்ந்து சிரித்தேன், முகம் மட்டும் எரிந்தது.

காலையில் அவரைக் கெஞ்சினேன். "நாலே நாளுங்க. அதுல ஒரு நாளு குழந்தைககூட உருண்டா எப்படிங்க? எனக்கோசரம் வாங்க."

"மூணுல தளத்தி வச்சிருக்கேன் வே. மேலேருந்து வந்தா பாதி வழியில கழண்டுக்கிடும். பொறவு படத்துல நான் பலகையைத் தேடிக்கிட்டு நிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போனார்.

வராந்தாவில் அவர் பலகைகள் சாய்ந்து நின்றன. பக்கத்திலேயே அவருடைய திருப்புளி. மஞ்சள் கோடு விலகி இருந்தது. பன்னிரண்டு வருடம் விலகிய கோடுகளைச் சேர்த்து வைத்தே பிழைத்தவன் நான். தீபாவளியிலிருந்து சுவரில் உட்கார்ந்து இரும்பாக்கி வைத்திருக்கிற காலுக்கு மூன்று எதற்கு என்று நினைத்தேன். கழன்றுவிடும் என்பதுதானே அவர் சாக்கு, அந்தச் சாக்கு இல்லாமல் ஆகட்டும் என்று நினைத்தேன். திருகினேன். இரண்டு பலகையிலும் கோடு சேர்ந்தது. இரண்டு நிமிட வேலை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி நான்.

"கழண்டா கழலட்டுங்க. பாதி உயரம் மட்டும் வாங்க, மெதுவா வாங்க" என்று மறுபடியும் கெஞ்சினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஜீப்பில் ஓடிய சிரிப்பு பின் சீட்டில் இருந்த அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"சரி, உமக்காக வாரேன். லூசாத்தானே இருக்கு, ஒண்ணும் ஆவாது" என்றார்.

அவர் பலகைகளை நானே தூக்கிக்கொண்டு போனேன். எண் தெரியும் ஜன்னலிலும் மஞ்சள் கோட்டிலும் பனி அப்பியிருந்தது. அவர் துடைத்துப் பார்க்கவில்லை. முந்தின சாயங்காலம் தன் கையால் வைத்தது, எதற்குப் பார்க்க வேண்டும்?

வேகமாக வந்து விழுந்திருந்தால் அந்த உதறலிலாவது கழன்றிருக்குமோ என்னவோ. அவர் வந்தது மாட்டுவண்டி வேகத்தில். ஒரு பலகையின் முனை பனிக்கட்டியில் மாட்டியது. உடம்பு மெதுவாகத் திரும்பியது, பலகை திரும்பவில்லை. விறகு ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்டது. என் பலகைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிப் போனேன். அவர் கத்தவில்லை. வலது காலில் பலகை மாட்டியபடியே கிடந்தது. அதையே பார்த்தார்.

"ஏன் கழலல?" என்றார்.

கையுறையால் ஜன்னலைத் துடைத்தார். ஆறு. முகம் வெளுத்துவிட்டது. வலியில் வெளுத்த முகம் இல்லை அது.

"நான் மூணுல வச்சேன். வச்சேன்லா? வே, நான் வச்சேன்லா?"

அந்த இடத்தில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தாலாவது பாதிப் பாவம்தான். நான் சொன்னது இது.

"மறந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க."

மலைக்குக் கீழே ஜோஷிமட்டில் கட்டுப் போட்டார்கள். டெல்லியிலிருந்து புனே வரைக்கும் ரயிலில் கீழ் பெர்த்தில் காலை நீட்டிப் படுத்து வந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எப்படி வே மறந்தேன்?" என்று கேட்டார். புனேயில் காலைத் திறந்து தகடு வைத்தார்கள். ஆறு மாதத்தில் நடந்துவிட்டார். லேசாக ஒரு சாய்வு மட்டும். கால் பிழைத்துவிட்டது என்று நானும் பெருமூச்சு விட்டேன். அப்பாடா, இனி எதற்கு அந்தப் பேச்சு?

ஆனால் டூல் ரூமுக்குத் திரும்பிய மனிதர் வேறு ஆளாக இருந்தார். ஒரு பீஸை அளப்பார். உறையில் போட்ட மைக்ரோமீட்டரை எடுத்து மறுபடி அளப்பார். மூன்றாம் தடவை அளந்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு, "நீரு ஒரு தரம் பாரும்" என்பார். சரியாகவே இருக்கும். "சரிதானா? நல்லாப் பாத்தீரா?" என்பார். ஒரு ஷிஃப்டில் முடிகிற வேலை மூன்று ஷிஃப்ட் ஆனது. அவரே எழுதிக் கேட்டு ஸ்டோர்ஸுக்கு மாற்றிக்கொண்டு போனார். என் கண்ணெதிரே, நான் இன்ஸ்பெக்ஷன் மேஜையில் உட்கார்ந்திருக்கும்போதே, தன் டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டில் இன்னும் மோசம். பஸ் நிறுத்தம் வரை வந்துவிட்டுப் பூட்டைப் பார்க்கத் திரும்புவார். படி ஏறுவார், இழுத்துப் பார்ப்பார், இறங்குவார். பாதிப் படியில் நின்று யோசித்துவிட்டு மறுபடியும் ஏறுவார். முதலில் சொசைட்டிக்காரர்கள் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் அவர் மனைவி எங்கள் வாசலில் நின்று சொன்னார்: "கேஸை மூணு தரம் பாக்காக. பொறவு என்னையப் பாக்கச் சொல்லுதாக. நான் மூடிருக்குன்னாலும் நம்ப மாட்டேங்காக. ஒரு மனுசன் ஒருக்க மறந்துட்டா இப்படியா ஆவான், அண்ணாச்சி? நீங்க சொன்னா கேப்பாக. நீங்க சொல்லுங்க."

நான் தலையாட்டினேன். சொல்லவில்லை. கால் சரியாகட்டும் என்று இருந்தேன். பிறகு மனசு சரியாகட்டும் என்று இருந்தேன். பிறகு இத்தனை நாள் கழித்துச் சொன்னால் கேவலம் என்று இருந்தேன். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

பிறகு நான் அந்த வேலையை விட்டு ஹிஞ்சேவாடியில் ஒரு மென்பொருள் கம்பெனியின் டிசைன் பிரிவில் சேர்ந்தேன். அவர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வாகட்டில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடி போனார். தினமும் கம்பெனி வண்டி அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போகும். டிராஃபிக்கில் சரியாக அதன் எதிரில் பத்து நிமிடம் நிற்கும். அண்ணாந்து பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். கனவில் மட்டும் பழக முடியவில்லை. கனவில் அவர் விழுவதே இல்லை. வராந்தாவில் உட்கார்ந்து தளர்த்திக்கொண்டே இருப்பார். நான் எதிரில் உட்கார்ந்து இறுக்கிக்கொண்டே இருப்பேன்.

அவர் விழுந்து ஆறு வருடம் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மனைவி போன் செய்தார். போசரியில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் பழைய சகா ஒருவர் இவரை டூல் ரூமைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிடுகிறாராம். திங்கள்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். "என் கையை நம்பி ஒருத்தன் மெஷின்ல நிப்பானா?" என்று இவர் மறுக்கிறாராம். "வீட்டுலயே கெடந்தா இவுக மிஞ்ச மாட்டாக, அண்ணாச்சி" என்றார்.

மத்தியானமே போனேன். காப்பி கொடுத்துவிட்டு அந்த அம்மாள் திரைக்கு அந்தப் பக்கம் சமையலறைக்குப் போனார். நான் காப்பியைத் தொடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப், மஞ்சள் கோடு, திருப்புளி, இரண்டு நிமிடம், பனியில் கிடந்தவரிடம் நான் சொன்ன வாக்கியம். "நீங்க மறக்கலீங்க. உங்க கை மறக்கவே இல்லீங்க. நான்தானுங்க பண்ணினேன்" என்று சொல்லும்போது அழுதுவிட்டேன். வெட்கம் இல்லாமல் அழுதேன்.

அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இவ போன் பண்ணிருப்பா" என்றார். "உம்ம மாதிரி ஒரு சேக்காளி யாருக்குவே கெடைப்பான்? எனக்காகப் பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிடுதீரு பாரும்."

"ஐயோ, நிஜமாலுமேங்க. சத்தியமாங்க."

"சத்தியம் பண்ணாதீரும். எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குல்லா? வராந்தாவுல திருப்புளியைக் கையில எடுத்துட்டேன். திருகப் போறேன், அந்நேரம் காகா கிச்சடி ஆறுதுன்னு கூப்பிட்டாரு. அப்படியே கீழ வச்சிட்டுப் போயிட்டேன். வந்து திருகல. கண்ணுக்குள்ளேயே நிக்கி வே. கிச்சடியில உப்பு இல்லன்னுகூட ஞாபகம் இருக்கு."

அன்றைக்கு அப்படி யாரும் கூப்பிடவில்லை. அவர் திருகி முடித்ததையும், கட்டை விரலால் ஜன்னலைத் தடவி எண்ணைச் சரிபார்த்ததையும் நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். அதையும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே என் கையைத் தட்டிக் கொடுத்தார், அழுகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. எவ்வளவு சொல்கிறேனோ அவ்வளவுக்கு என்மேல் அவருக்குப் பிரியம் கூடிக்கொண்டே போனது. போசரிக்காரருக்கு முடியாது என்று காலையிலேயே சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

"அதைவிட்டுத் தள்ளும். வேற என்ன, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்றார்.

கிளம்பினேன். அவர் சோபாவிலிருந்தே கை காட்டினார். வாசல் வரை அவர் மனைவி மட்டும் வந்தார். நான் செருப்பை மாட்டியதும் உள்ளே கேட்காதபடி கதவைப் பின்னால் சாத்திக்கொண்டார்.

"அவுக நம்ப மாட்டாக" என்றார். "நான் நம்புதேன், அண்ணாச்சி."